ஐந்து தோட்டத்துக்கு ஒரு வண்டி

சென்ற இதழ் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர் கேட்டிருந்தார்: 'ஒன்றரை ஏக்கரில் காய்கறி போடுகிறேன். பேட்டரி லோடு ஆட்டோ வாங்கினால் எனக்குக் கட்டுப்படியாகுமா?' விலை, ஓடும் தூரம், மானியம் எல்லாம் சொல்லி நல்ல பதில் போட்டிருந்தீர்கள். அதே கேள்வியை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான். தனியாக வாங்கியிருந்தால் எனக்கு நிச்சயமாகக் கட்டுப்படியாகியிருக்காது. ஐந்து வீடு சேர்ந்ததால் வண்டி வந்தது. ஐந்து வீடு சேர்ந்ததால் சண்டையும் வந்தது. இரண்டையும் எழுதுகிறேன், அந்த வாசகருக்கு உபயோகப்படலாம்.

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டம், மொடக்குறிச்சி வட்டாரம். ஈரோடு சம்பத் நகர் உழவர் சந்தைக்கு இங்கிருந்து 19 கிலோமீட்டர். எங்களுக்கு ஒன்றே முக்கால் ஏக்கர். கத்தரி, வெண்டை, கொத்தவரை மாற்றி மாற்றி வரும். பக்கத்தில் கிணற்றுக்காட்டு அக்காவுக்குக் கீரையும் கொத்தமல்லியும். மேட்டுத்தோட்டத்து அண்ணன் பந்தல் போட்டுப் புடலையும் பீர்க்கனும் எடுப்பவர். வாத்தியார் அண்ணன் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்து முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்திருக்கிறார். ஐந்தாவது வீடு, வாத்தியார் அண்ணன் பூமியில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு ஓட்டும் தம்பியும் அவன் சம்சாரமும். அந்தப் பெண் கல்யாணத்துக்கு முன் பெருந்துறைப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவளைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டும்.

சந்தையில் நல்ல இடம் கிடைக்க வேண்டும் என்றால் விடியக்காலை நாலரைக்குள் உள்ளே இருக்க வேண்டும். அதற்கு ஒரு டீசல் ஆட்டோவை வாடகைக்குப் பேசியிருந்தோம். கிரேடுக்கு 30 ரூபாய், மூட்டைக்கு 40 ரூபாய். ஐந்து வீட்டுச் சரக்கும் சேர்ந்து நாளுக்கு எப்படியும் 750 ரூபாய் ஆகிவிடும். ஆட்டோக்காரர் நல்ல மனுஷன்தான். ஆனால் அவருக்கு ஒன்பது மணிக்கு வேறு லோடு. எட்டே முக்காலுக்கு ஹாரன் அடிப்பார். விற்காமல் கிடக்கும் கத்தரியை வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிட்டு ஓடி வர வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் சந்தைக்கு வருகிறவர்கள் அவசரமில்லாமல் வாங்குகிற வீட்டுக்காரர்கள். அந்த விற்பனை எங்களுக்கு இல்லாமலே போனது. வாடகையைப் பற்றி நாங்கள் புலம்பிய அளவுக்கு இந்த நஷ்டத்தைப் பற்றிப் புலம்பவில்லை. அது கையிலிருந்து போகிற பணம் இல்லை, கைக்கு வராத பணம், கண்ணில் படாது.

'நாமே ஒரு பேட்டரி வண்டி எடுத்தால் என்ன?' என்று முதலில் கேட்டவர் கிணற்றுக்காட்டு அக்கா. ஈரோட்டில் தண்ணீர் கேன் போடுகிற பையன்கள் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறார். சத்தமில்லாமல் போகிறது, புகை இல்லை. கேட்ட உடனே மேட்டுத்தோட்டத்து அண்ணன் சிரித்தார். சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. அவருடைய மச்சான் பல வருஷத்துக்கு முன்பு ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினார். ஒன்றரை வருஷத்தில் பேட்டரி படுத்துவிட்டது. விற்ற கடை மூடிக் கிடந்தது. புது பேட்டரி வாங்க வண்டி விலையில் பாதி கேட்டார்கள். அந்த ஸ்கூட்டர் இன்னும் மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதன் கால் வைக்கிற இடத்தில் கோழி அடை படுக்கிறது. எங்கள் ஊரில் யார் பேட்டரி வண்டி என்று வாயைத் திறந்தாலும் அந்தக் கோழிதான் பதில்.

ஒரு ஊரில் ஒரு வண்டி கெட்டுப்போனால் பத்து வருஷத்துக்கு அடுத்த வண்டி வராது. கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்குக் கொட்டுகிற பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, இப்படிக் கொட்டகையில் நிற்கிற பழைய வண்டிகளைச் சரிசெய்து கொடுத்தால் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்று எனக்குப் படுகிறது. யார் கேட்கப் போகிறார்கள்!

வாத்தியார் அண்ணன்தான் வித்தியாசத்தைச் சொன்னார். அந்தப் பழைய ஸ்கூட்டரில் இருந்தது ஈய அமில பேட்டரி, நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது போல. அடிக்கடி அடிவரைக்கும் தீர்த்துத் தீர்த்து ஏற்றினால் சீக்கிரம் செத்துப்போகும். இப்போது வருவது லித்தியம். எடை குறைவு, ஆயுள் அதிகம், எவ்வளவு வருஷம், எவ்வளவு கிலோமீட்டர் என்று உத்தரவாதம் எழுதிக் கொடுக்கிறார்கள். லித்தியத்திலும் இரும்பு பாஸ்பேட் வகை என்று ஒன்று இருக்கிறது. மற்ற வகையைவிடச் சூட்டைத் தாங்கும். 'வாங்குகிறவன் எந்த வகை என்று கேட்கணும், உத்தரவாதக் காகிதத்தைப் படிக்கணும்' என்றார். படித்தோம். ஐந்து வீட்டில் வாத்தியார் ஒருவர் இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

வண்டி சாலைக்கு வரும் விலை 3 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய். மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. அந்த மானியம் வேளாண்மைத் துறை மானியம் மாதிரி நம் வங்கிக் கணக்குக்கு வரவில்லை. கம்பெனி விலையிலேயே கழித்துக் காட்ட வேண்டியிருந்தது, பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் மின்சார வண்டிக்குச் சாலை வரி விலக்கும் எங்களுக்குக் கிடைத்தது. மானியத் தொகை போகப் போகக் குறைகிற மாதிரி வைத்திருந்தார்கள். ஆகவே வாங்கும் மாதத்தில் என்ன நிலவரம் என்று நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிக்கு வேண்டிய பெர்மிட்டும் இதற்குத் தேவையில்லை. 2018 அக்டோபரிலேயே மத்திய அரசு மின்சார வண்டிகளுக்கு அதை நீக்கிவிட்டது. எங்கள் வண்டிக்குப் பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்து. வாடகைக்கும் ஓட்டலாம் என்பதற்கு அது அடையாளம். சொந்தக் கார், ஸ்கூட்டருக்குப் பச்சையில் வெள்ளை எழுத்து வரும்.

முன்பணம் ஒரு லட்சம், மீதி கடன். இங்கேதான் முதல் முட்டுக்கட்டை. நாங்கள் போன முதல் வங்கியில், ஐந்து பேருக்கு ஒரு வண்டி என்றால் தவணை நின்றுபோனால் யாரைப் பிடிப்பது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேள்வி நியாயமானது, அதனால் கோபம் வரவில்லை. ஆர்.சி. புத்தகத்திலும் ஒரு பெயர்தான் ஏறும். யார் பெயர்? மேட்டுத்தோட்டத்து அண்ணன் தன் பெயர் என்றார், நிலம் அதிகம் உள்ளவர் அவர்தான். ஆனால் அவருக்கு ஏற்கெனவே டிராக்டர் கடன் இழுத்துக்கொண்டிருந்தது. கடைசியில் கிணற்றுக்காட்டு அக்கா பெயர் வந்தது. மகளிர் சுய உதவிக் குழுவில் பதினோரு வருஷமாக ஒரு தவணை தவறாதவர். இன்னொரு வங்கியில் அந்த ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். நானும் வாத்தியார் அண்ணனும் ஜாமீன். தவணை மாதம் 7,800 ரூபாய், நாலு வருஷத்துக்கு.

முன்பணத்துக்கு நாலு வீடு 25,000 போட்டது. குத்தகைத் தம்பி வீட்டில் பணம் இல்லை. 'எங்க வீட்டிலிருந்து நான் வண்டி ஓட்டறனுங்க' என்றாள் அவன் சம்சாரம். ஸ்கூட்டி ஓட்டத் தெரிந்தவள். பேட்டரி வண்டியில் கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது. பழகுநர் உரிமம் எடுத்து, முப்பது நாள் கழித்து ஓட்டிக் காட்டி, இலகு ரக வாகன உரிமம் வாங்கினாள். 7,500 கிலோவுக்குள் இருக்கிற சரக்கு வண்டிக்கு அந்த உரிமமே போதும், தனி பேட்ஜ் வேண்டாம் என்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. நாளுக்கு 300 ரூபாய் சம்பளம் என்று பேசினோம். பங்கைப் பற்றி அன்றைக்கு யாரும் தெளிவாகப் பேசவில்லை. 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்றோம். பின்னால் வந்த வினைக்கு அன்றைக்கே விதை போட்டுவிட்டோம்.

அடுத்தது சார்ஜ். மேட்டுத்தோட்டத்து அண்ணன் சுலபமாக வழி சொன்னார்: 'என் மோட்டார் ரூமில் நிறுத்தி சொருகிவிட்டால் போச்சு. இலவசக் கரண்ட்தானே?' வாத்தியார் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு பைசா கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போராடிய விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்ததையும், நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972-ல் கோயம்புத்தூர் ரோடு முழுக்க மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தியதையும் சொன்னார். அவர் அப்பா அந்தக் காலத்துச் சங்கத்துக்காரர். 'அத்தனை பேர் பாடுபட்டுத்தான் 1990-ல் எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்தது. தண்ணி இறைக்கக் கொடுத்ததை வண்டி ஓட்ட எடுத்தா, நாளைக்கு மீட்டர் மாட்டறேன்னு வருவாங்க. அப்ப எந்த வாயில வேண்டாம்னு சொல்லுவே?' அண்ணன் பேசாமல் எழுந்து போனார். சட்டப்படியும் அது தப்பு. விவசாய இணைப்பை வேறு வேலைக்குப் பயன்படுத்தினால் அபராதம் போடுவார்கள், இணைப்புக்கே ஆபத்து.

மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வாத்தியார் அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குத் தனி மீட்டர் வாங்கினோம். வயரிங் செய்ய வந்த பையன் கண்டிப்பானவன். 15 ஆம்ப்ஸ் பவர் பிளக், அதற்குத் தனி வயர், தனி டிரிப்பர், கசிவு வந்தால் உடனே அணைகிற இன்னொரு டிரிப்பர், கரியும் உப்பும் போட்டுப் புது எர்த் குழி. 'மிக்ஸி போடற பிளக்குல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ராத்திரி பூரா ஏத்தினீங்கன்னா வயர் உருகும். அப்புறம் பேட்டரி வெடிச்சிருச்சுன்னு பேப்பர்ல போடுவாங்க' என்றான். அந்த வேலைக்கு மட்டும் 9,000 ரூபாய் ஆனது. இந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. கேள்வி கேட்ட வாசகர் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

வண்டி சென்ற வருஷம் தை மாதம் வந்தது. வந்த முதல் வாரமே காலையில் பார்த்தால் சார்ஜ் பாதியில் நின்றிருந்தது. மறுநாளும் அப்படியே. வண்டியில் பழுது என்று பதறிவிட்டோம். கோழிக் கதை மறுபடியும் கிளம்பியது. சர்வீஸ்காரர் வந்து பார்த்து வண்டி நன்றாக இருக்கிறது என்றார். கண்டுபிடித்தவர் எங்கள் லைன்மேன். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில் சுற்றுவட்டாரத்து மோட்டார் எல்லாம் ஓடுகிறது, வோல்டேஜ் இறங்குகிறது, சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடுகிறது. சுமை குறைவாக இருந்த வேறு பேஸுக்கு எங்கள் இணைப்பை மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து நாலு மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. இதைக் கம்பெனிக்காரனும் சொல்லவில்லை, வங்கிக்காரனும் சொல்லவில்லை. சொல்ல அவர்களுக்குத் தெரியாது. எங்கள் கம்பத்தைத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

இப்போது கணக்கைச் சொல்கிறேன். காகிதத்தில் ஒரு சார்ஜுக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் என்று போட்டிருந்தது. 400 கிலோ சரக்கோடு எங்களுக்கு 75-லிருந்து 80 வரை வந்தது. சந்தைக்குப் போய்வர 40 கிலோமீட்டருக்கும் குறைவு, நாலு நாலரை யூனிட். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் நடைக்கு 50 ரூபாய் தாண்டாது. டீசல் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது இது லேசான செலவுதான். ஆனால் அதோடு முடியவில்லை. மாதத்துக்கு 26 நடை என்றால் கரண்டுக்கு 1,300. தவணை 7,800. ஓட்டுகிறவள் சம்பளம் 7,800. இன்ஷூரன்ஸ், டயர், சர்வீஸுக்கு ஒதுக்கியது 1,500. கூட்டினால் 18,400 ரூபாய். பழைய வாடகை மாதத்துக்கு 19,500. அதாவது ஐந்து வீட்டுக்கும் சேர்த்து மாதம் 1,100 ரூபாய் மிச்சம்!

இந்தக் கணக்கைப் பார்த்த அன்று எங்க வீட்டுக்காரர், 'இதுக்கா ஒரு வருஷம் தூங்காம கிடந்தே?' என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. பேட்டரி வண்டி என்றால் ஓட்ட ஓட்டப் பணம் கொட்டும் என்று பேசுகிறவர்கள் கரண்டையும் டீசலையும் மட்டும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார்கள், தவணையை ஒளித்துவிடுகிறார்கள். எங்களுக்கு லாபம் வந்தது வேறு இரண்டு இடத்தில். ஒன்று, எட்டே முக்கால் ஹாரன் நின்றது. பதினொன்று வரைக்கும் உட்கார்ந்து விற்றோம். கடைசிச் சரக்கை வியாபாரிக்குத் தள்ளாமல் சில்லறையில் கொடுத்ததில் என் வீட்டுக்கு மட்டும் நாளுக்கு 80, 100 ரூபாய் கூடியது. இரண்டு, மத்தியானத்து லோடு. தீவனமூட்டை, உரமூட்டை, சிமென்ட், பந்தல் சாமான் என்று ஊருக்குள் வாடகை கேட்டு வந்தார்கள். வந்த நாளாகப் பார்த்து மதியம் ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றிவிட்டு ஓட்டினாள். செலவு போக மாதம் 5,500 ரூபாய் வரை வந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் நடுவழியில் நின்றதையும் சொல்ல வேண்டும். முந்தின ராத்திரி காற்றில் மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது, கரண்ட் இல்லை. பாதி சார்ஜில், போய்வரச் சரியாக இருக்கும் என்று கிளம்பினோம். திரும்பும்போது ஈரோட்டில் ஐந்து மூட்டை தீவனத்தை வேறு ஏற்றிவிட்டார் மேட்டுத்தோட்டத்து அண்ணன். சோலார் தாண்டுவதற்குள் வண்டி ஆமையாகிவிட்டது. (அந்த இடத்துக்குப் பேர்தான் சோலார், நாங்கள் நின்ற இடத்தில் ஒரு தகடும் இல்லை.) ரோட்டோரம் ஒரு டீக்கடை. கிரைண்டருக்குப் போட்ட பவர் பிளக் இருந்தது. சார்ஜரும் வயரும் வண்டியிலேயே இருந்தன. கடைக்காரர் ஒன்றரை மணி நேரம் சொருக விட்டார். பணம் வாங்கவில்லை. நாங்கள்தான் வற்புறுத்தி ஒரு கூடை வெண்டைக்காய் இறக்கினோம்.

அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த ஒரு வாரம் திரும்பும் வழியில் நின்று நின்று கேட்டாள்: ஒரு மாவு மில், ஒரு பஞ்சர் கடை, ஒரு சிற்றுண்டிக் கடை, எங்கள் ஊர்ப் பால் சேகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்து வீடு. டீக்கடையோடு சேர்த்து 19 கிலோமீட்டரில் ஐந்து பிளக். மணிக்கு 20 ரூபாய் என்று பேசிக்கொண்டாள். கரண்ட் காசுக்கு அது சரியாகப் போகும். உட்காருகிற நேரத்தில் டீயும் வடையும் விற்பது அவர்கள் லாபம். நாங்கள் அதற்குப் பிறகு மூன்று தடவைதான் சொருகினோம். ஆனால் 'வழியில் நின்னுட்டா?' என்ற பயம் ஊரில் போய்விட்டது. அந்த ஐந்து பிளக்கைப் பார்த்துத்தான் எங்கள் ஊரில் இன்றைக்கு ஒன்பது பேட்டரி ஸ்கூட்டர் ஓடுகிறது. பஞ்சர் கடைக்காரர் இப்போது அந்த ஸ்கூட்டர்களுக்குப் பிரேக்கும் டயரும் பார்க்கிறார். பேட்டரியைத் தொடமாட்டேன் என்கிறார், அதுவும் நல்லதுதான்.

ஆவணியில்தான் அந்தச் சண்டை. மத்தியான லோடு வருமானத்தை நாங்கள் நாலு வீடு பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். பணம் போட்டவர்கள் நாலு பேர் என்ற நினைப்பு. அவளுக்கு அந்த நேரத்துக்குத் தனியாக ஒரு நூறு ரூபாய் கொடுத்தோம், சில நாள் அதுவும் மறந்துபோகும். ஒரு நாள் நோட்டை மூடும்போது கேட்டாள்: 'அக்கா, நான் உங்களுக்குக் கூலிக்காரியா, பங்காளியா?' எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மேட்டுத்தோட்டத்து அண்ணன் சொல்லிவிட்டார்: 'பணம் போட்டவங்கதான் பங்காளி.'

மறுநாள் சாவி வாத்தியார் அண்ணன் வீட்டு ஆணியில் தொங்கியது. அவள் வரவில்லை. மூன்று நாள் பழைய டீசல் ஆட்டோவைக் கெஞ்சிக் கூப்பிட்டோம். ஆறரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம், இடம் போய்விட்டது. அன்றைக்கு என் கத்தரி கிலோ 12 ரூபாய்க்குப் போனது. சந்தை விலைப்பலகையில் 28 என்று எழுதியிருந்தது. வண்டி கொட்டகையில் முழு சார்ஜோடு நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. நாலு லட்ச ரூபாய் வண்டியில் நாங்கள் யாரும் மதிப்புப் போடாத ஒரு பாகம் அவள்தான் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஐந்து பிளக்கைப் பேசி வைத்தவளும் அவள்தானே.

மூன்றாம் நாள் ராத்திரி வாத்தியார் அண்ணன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். கிணற்றுக்காட்டு அக்கா நேராகவே பேசினார்: 'என் பேர்ல வண்டி இருக்கு, என் பேர்ல கடன் இருக்கு. அவ இல்லாட்டி நான்தான் மாட்டுவேன்.' பேசிப் பேசிக் கடைசியில் இப்படி எழுதினோம். அவள் சம்பளத்தில் நாளுக்கு 50 ரூபாய் பங்குக் கணக்கில் நிற்கும்; 500 நாளில் 25,000 ஆகிவிடும்; ஆனால் இன்றைக்கே அவள் ஐந்தாவது பங்காளி. மத்தியான லோடில் செலவு போகப் பாதி ஓட்டுகிறவருக்கு, மீதிப் பாதி ஐந்து பங்கு. யாராவது விலகினால் போட்ட பணத்தைத் தவணையில் திருப்பித் தர வேண்டும். கடன் முடிந்ததும் வண்டியை விற்றால் ஐந்து சம பங்கு. யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் பங்கு யாருக்கு என்பதையும் எழுதினோம். சங்கடமாகத்தான் இருந்தது, எழுதினோம்.

மேட்டுத்தோட்டத்து அண்ணன் கையெழுத்துப் போடவில்லை. இரண்டு மாதம் கழித்து விலகிக்கொண்டார். அவர் பணத்தை மூன்று தவணையில் கொடுத்துவிட்டோம். அந்த இடத்துக்குப் பால் கறக்கும் ஒரு வீடு வந்தது. அண்ணன் புடலங்காய் இன்னும் எங்கள் வண்டியில்தான் சந்தைக்குப் போகிறது, கிரேடுக்கு 30 ரூபாய் வாடகைக்கு. அவள் அவரிடம் ஒரு ரூபாய் கூடவும் வாங்குவதில்லை, குறைப்பதும் இல்லை.

வாசகர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒன்றரை ஏக்கர்காரர் தனியாக வாங்கினால், தினமும் சரக்கு நிறையாது, வண்டி பாதி நாள் சும்மா நிற்கும். நின்றாலும் தவணை ஓடும். பக்கத்தில் நாலு வீடு கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைத்தால், ஓட்டப்போகிறவரின் பங்கை முதல் நாளே நோட்டில் எழுதுங்கள். பிறகு லைன்மேனிடம் கேளுங்கள். கடைசியாக ஷோரூமுக்குப் போங்கள். நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம்.

எங்கள் வண்டி பதினான்கு மாதத்தில் 18,600 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முழு சார்ஜுக்கு 80 வந்தது இப்போது 72, 73 வருகிறது. உத்தரவாதம் முடிந்தபின் பேட்டரி மாற்ற வேண்டி வந்தால் என்ன செய்வது என்று எனக்கு உள்ளூரப் பயம் இருக்கிறது. அதற்காக வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் தனியாகத் தபால் அலுவலகத்தில் போட்டு வருகிறோம். போதுமா என்பது அப்போது தெரியும்.

இப்போதெல்லாம் சாயங்காலம் வாய்க்கால் மேட்டுப் பக்கம் கிணற்றுக்காட்டு அக்காவின் மருமகளுக்கு அவள் வண்டி பழக்கிக்கொண்டிருக்கிறாள். 'எனக்குக் காய்ச்சல் வந்தா வண்டி நிக்கக் கூடாதுங்கல்ல?' என்றாள். நாளைக்கு முகூர்த்த நாள். கொத்தமல்லிக்கட்டு அதிகம், மூன்று மணிக்கே வரச் சொல்லியிருக்கிறாள். நான் இன்னும் வெண்டைக்காயைத் தரம் பிரிக்கவில்லை.